ஒரு மணி நடை

பிள்ளைப்பாக்கத்துச் சவரியம்மாள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். வேலையெல்லாம் இடது கைக்குத்தான். வலது கை புளியைப் பிடித்துக்கொள்ள மட்டும். அதுவும் நழுவிக்கொண்டே இருந்தது. எழுபத்திரண்டு வயதில், பொங்கலுக்கு முன் வந்த பக்கவாதம் அவளுடைய வலது பக்கத்தைச் சாய்த்துவிட்டது. நான் அந்த ஊருக்கு முறை வைத்துப் போகும் நர்ஸ்.

“நடந்தீங்களாம்மா?”

“டாக்டரு சொன்ன ஒரு மணியும் நடந்துட்டேன் நர்சம்மா. உயிரு போவுது.”

நம்ப முடியவில்லை. நிற்கவே சுவர் வேண்டும் அவளுக்கு. நடந்து காட்டச் சொன்னேன். ஜெபமாலையை எடுத்து ஒரு மணியைப் பிடித்தாள். மங்கள வார்த்தை ஜெபத்தை முணுமுணுத்தபடி சுவரோரமாக நகர்ந்தாள். ஜெபம் முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் சொன்னது ஒரு மணி நேரம். அவசரத்தில் ‘நேரம்’ விட்டுப்போயிருக்கிறது.

நான் திருத்தவில்லை. ஒரு மணி நேரம் என்றால் பாயை விட்டே எழ மாட்டாள். “இது பழகினதும் ரெண்டு மணி” என்று மட்டும் சொன்னேன்.

பங்குனி முடிவதற்குள் அவள் கொல்லைக்குத் தானாகப் போய் வர வேண்டும். இல்லாவிட்டால் வாலாஜாபாத்துக்கு அழைத்துப் போய்விடுவதாக மகன் அருள்நாதன் சொல்லியிருந்தான். அங்கே ஒற்றை அறை. மருமகளோடு பேச்சு இல்லை. இங்கே அவளைக் கொல்லைக்குக் கூட்டிப் போகிறவள் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி. பாஞ்சாலி கழனிக்குப் போய்விட்டால் அன்று பகல் முழுதும் சவரியம்மாள் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

இரண்டு மணியானது, மூன்றானது. வாசற்படியைத் தாண்டினாள். கேட்டுக் கேட்டுப் பாஞ்சாலிக்கே ஜெபம் பாடமாகிவிட்டது. கூடவே நடந்து கடகடவென்று சொல்வாள்.

“இன்னாடி, பஸ்ஸ புடிக்க ஓட்றவளாட்டம் சொல்ற? மாதா ஏமாறுவாளா?”

“மாதா ஒண்ணும் சொல்ல மாட்டா. நீதான் கத்துற. எனக்கு அடுப்புல சோறு கீது.”

சில நாள் சவரியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். “தெனம் இதே செவுரு. போதும் நர்சம்மா.” எனக்கும் அலுப்புதான், அந்த வெயிலில் இன்னும் இரண்டு ஊர் பாக்கியிருக்கும். “இன்னிக்கு ஒரே மணி. அப்புறம் படுங்க” என்பேன். அந்த ஒன்றுக்கு முனகிக்கொண்டே எழுந்துவிடுவாள்.

பங்குனிக் கடைசியில் நான் போயிருந்த அன்று அருள்நாதன் வந்தான்.

“டாக்டரப் பாத்துட்டு வரேன். ஒரு மணி நேரம் நடக்குறியான்னு கேக்குறாரு.”

சவரியம்மாள் என்னைப் பார்த்தாள். “நேரமா? ஏமாத்திக்கினு இருந்தியா நர்சம்மா?”

“ஆமாம்மா. நேரம்னு சொல்லியிருந்தா நடந்திருப்பீங்களா?”

அவள் ஜெபமாலையைக்கூட எடுக்காமல் கொல்லைப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தவள் எழவில்லை. அருள்நாதன்தான் தூக்கி வந்தான். “காலையில வண்டி சொல்லிட்டு வரேன்” என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை, வழியில் அவளை எப்படிப் படுக்கவைப்பது என்று அவனுக்குக் காட்டுவதற்காக முதல் பஸ்ஸில் போனேன். வண்டி வாசலில் நின்றது. பாயில் ஆளும் இல்லை, ஜெபமாலையும் இல்லை. கொல்லைக் கக்கூஸின் ஓலை மறைப்புக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

“யாரு அங்க? பாஞ்சாலியா? வந்து தூக்குடி. மணி மால நெறய கீது. கால்லதான் தெம்பு இல்ல.”

அருள்நாதனும், சத்தம் கேட்டு வந்த பாஞ்சாலியும், நானும் ஓடினோம்.

“போய்ட்டு வரணும்னு தான சொன்னேன்” என்றான் அருள்நாதன், குனிந்து அவள் கையைத் தோளில் போட்டுக்கொண்டே.

“போய்ட்டேன். வர்ற வழிய நாளையிலேந்து பாக்குறேன்.”

அவளைப் பாயில் விட்டுவிட்டு அவன் வாசலுக்குப் போனான். வண்டிக்காரர் திட்டுவது கேட்டது. பிறகு வண்டி வெறுமனே கிளம்பியது. நான் பாஞ்சாலி வீட்டு முக்காலியை வாங்கி, ஓலை மறைப்புக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் போட்டேன்.