ஏழுமலை சொல்லாத படி

பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏழுமலை. திருக்கழுக்குன்றத்தில் படி ஏற முடியாதவர்களை அவனும் நானும் பதினெட்டு வருஷம் டோலியில், அதாவது கம்பில் கட்டிய நாற்காலியில், தூக்கினோம்; முன்னால் அவன், பின்னால் நான். இந்த வேலையில் பின்னால் தூக்குகிறவனுக்கு நாற்காலியின் முதுகுதான் தெரியும், படி தெரியாது. ஈரப் படி, உடைந்த படி, திருப்பம் எல்லாவற்றையும் முன்னால் போகிறவன் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். நீங்களும் எங்கேயோ ஒருத்தன் வாயை நம்பித்தான் கால் வைத்திருப்பீர்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

கடிகாரம் ஏறிய மலை

இப்போது சாமிக்காக ஏறுகிறவர்களை விட உடம்புக்காக ஏறுகிறவர்கள்தான் அதிகம். செங்கல்பட்டிலிருந்து ஒருவர் ஞாயிறுதோறும் வருவார். சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொன்னாராம். பாதி மலையில் உட்கார்ந்துவிட்டு எங்களைக் கூப்பிடுவார். ஒருநாள் டோலியில் ஏறும்முன், எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினார். உச்சியில் அதைத் திரும்ப வாங்கிப் பார்த்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"டாக்டர் பாத்தா அசந்துடுவாரு பெரியவரே! அடுத்த வாரமும் நீங்களே வந்துடுங்க."

ஒரு வீடியோ

அச்சரப்பாக்கத்து டீச்சரம்மா ஒருவரைத் தூக்கிப்போன காலை அது. கம்பெனிப் பிள்ளைகள் கூட்டமாகப் படியில் ஓட்டப்பந்தயம் வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெண் போனை நீட்டி, "அண்ணா, இங்க பாருங்க!" என்றாள். ஏழுமலை ஒரு கையைத் தூக்கிக் காட்டிப் பல்லை இளித்தான். திருப்பத்தில் ஓரம் உடைந்த படி ஒன்று உண்டு. அதைச் சொல்லவில்லை.

படி இல்லாத இடத்தில் கால் வைத்தேன். முட்டி மடங்கியது. கம்பை விடவில்லை, நாற்காலியை நெஞ்சில் தாங்கிக்கொண்டேன். டீச்சரம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். என் முட்டி அன்றோடு போனது. ஏழுமலை திரும்பி, அத்தனை பேர் முன்னாலும் கத்தினான்:

"யோவ், கீழ பாத்து வரத் தெரியாது உனுக்கு? வயசாயிட்சின்னா வூட்ல கெட!"

ஜோடி

நொண்டிக்கொண்டாவது தூக்கலாம் என்று நாலு மாதம் கழித்துப் போனேன். டோலிக்கு ஜோடி வேண்டும். ஒருத்தனும் வரவில்லை. என் வீட்டில் எத்தனையோ வேளை சாப்பிட்ட கன்னியப்பன்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"தப்பா நெனைக்காத அண்ணாத்த. நீ ஆள கீழ போட்டன்னு ஏழுமலை சொல்லிகினு கீறான். உன்கூட வந்தா என் டோலில எவன் குந்துவான்?"

செருப்புக் காவல்

இப்போது அடிவாரத்தில் செருப்புகளுக்குக் காவல் இருக்கிறேன். உடற்பயிற்சிக்காரர்களின் ஷூக்கள் ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு இருக்கும். போன வாரம் ஒரு பையன் மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டு நாலாவதுக்குக் கிளம்பினான். திருப்பத்துப் படியில் பார்த்துப் போ தம்பி என்றேன். காதில் மாட்டியிருந்ததை எடுத்துவிட்டுச் சொன்னான்:

"தெரியும் தாத்தா. அங்க யாரோ ஒரு பெரியவர் ஒரு லேடிய கீழ போட்டுட்டாராமே? டோலிக்கார ஏழுமலை அண்ணன் அந்தப் படி வந்தாலே கத்திக் கத்திச் சொல்றாரு. ரொம்ப நல்ல மனுஷன்!"

ஊருக்கெல்லாம் தினமும் கத்திச் சொல்லும் அந்த ஒரு படியை, ஏழுமலை எனக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை.