பதினொன்றும் பன்னிரண்டும்

குரூப் ஃபோர் தேர்வுக்காக நான் எழுதிய பொது அறிவுக் குறிப்புகளை என்னைத் தவிர இன்னொருவரும் படித்தார். செவிலிமேடு என்ற ஊரிலிருந்து வருவதால் எனக்கு அவர் செவிலிமேட்டு அக்கா. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நூலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பழக்கமானோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக வருவார். புத்தகத்தைத் திறந்த பத்தாவது நிமிடம் கண் சொக்கிவிடும்.

"புக்கு முழுசா படிக்க எனக்கு டைம் இல்லமா. நீ எழுதறத அப்படியே குடு, பஸ்ல படிச்சிக்கினு போறேன்" என்றார்.

தறியில் அப்பா கூப்பிட்டால் எழுந்து போவது தவிர எனக்கு வேறு வேலை கிடையாது. ஆறுகள், வைட்டமின்கள், அரசியலமைப்பு என்று பக்கம் பக்கமாக எழுதுவேன். அவர் ஜெராக்ஸ் எடுத்து, நான்காக மடித்து, ஐடி கார்டு பையில் வைத்துக்கொள்வார். வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்.

தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது வேலையை விட்டுவிட்டார்.

"திரும்பப் போனா எடுத்துப்பாங்களாக்கா?"

"எடுத்துக்க மாட்டாங்க. அதான் இந்த வாட்டி பாஸாயிடணும்."

தேர்வுக்குப் பத்து நாள் முன்பு, பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது என் தப்பு தெரிந்தது. அரசியலமைப்பில் ஊராட்சிகளுக்குப் பதினோராவது அட்டவணை, நகராட்சிகளுக்குப் பன்னிரண்டாவது. நான் மாற்றி எழுதியிருந்தேன். என் நோட்டில் சிவப்புப் பேனாவால் திருத்தினேன். அக்காவுக்கு போனில் ஒரு வரி அனுப்பியிருந்தால் போதும். நாளைக்கு நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வந்தார். நான் கேள்வி கேட்டேன், அவர் பதில் சொன்னார். அந்தத் தப்பைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வாரங்களில் அக்கா என்னைவிட வேகமாகப் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. சரியான வட்டத்தைக் கருப்பாக்கினேன். வேறொரு பள்ளியில் அவரும் அதே கேள்வியைப் படித்துக்கொண்டிருப்பார்.

மதியம் போன் செய்தார். "உன் நோட்ஸ்லேர்ந்தே நெறைய வந்துச்சிமா!"

"ஆமாக்கா" என்றேன்.

எனக்கு இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது, ஊரிலேயே. அவருடைய இடஒதுக்கீட்டுப் பிரிவில் கலந்தாய்வு அவர் தரவரிசைக்குச் சற்று முன்னால் நின்றுபோனது. இன்னும் ஒரு விடை சரியாக இருந்திருந்தால் போதும். ஆனாலும் ஸ்வீட் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பழைய கம்பெனி திரும்ப எடுக்கவில்லை. வேறிடத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. நாள் முழுக்க நின்றபடி பெட்டி ஒட்ட வேண்டும்.

வேலையில் சேர்ந்து எட்டு மாதம் கழித்து, பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். அட்டவணையை மாற்றி எழுதியதைச் சொன்னதும் சிரித்தார்.

"தெரியும்மா. ஆன்சர் கீ வந்தன்னிக்கே உன் நோட்ஸ எடுத்துப் பாத்துட்டேன்."

"ஏங்க்கா என்கிட்ட கேக்கல?"

"என்னாத்த கேக்கறது? தப்பு எல்லாருக்கும்தான் வருது. நீயும் அதத்தானே எழுதியிருப்பே?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "இல்லக்கா. எக்ஸாமுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன். உங்ககிட்டதான் சொல்லல."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எத்தினி நாள் முன்னாடி?"

"பத்து நாள்."

கம்பெனி பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

இப்போதும் டவுன் பஸ்ஸில் சில நாள் பார்க்கிறேன். மடியில் நோட்டு விரிந்திருக்கும், அவரே எழுதியது. அடுத்த தேர்வுக்குப் படிக்கிறார். என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நான் நின்றுகொண்டே போகிறேன்.