மூன்றாவது தட்டு

மைக்செட் தொழிலில் ஊளை என்றால் அவமானம். யாராவது மைக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றுவிட்டால் அது 'ஊ'வென்று கத்தும்; பந்தலே திரும்பி ஆபரேட்டரை முறைக்கும். ஆண்டிமடம் வீரமணி இருபத்திரண்டு வருடமாக அந்த ஊளையை அடக்கியே சோறு தின்றவர். அப்படிப்பட்டவர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு, வேலை நின்றுபோன முந்திரிக் கொட்டகை ஒன்றில் உட்கார்ந்து அதே ஊளையை வேண்டுமென்றே வளர்த்தார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஊளைக் கச்சேரி என்று பெயர் வைத்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

ஆரம்பித்து வைத்தவள் வினோதினி. பெரம்பலூரில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை, வயலின் வாசிப்பாள். அவள் நடத்தும் கச்சேரியில் பாட்டு கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ஒருவர் ஒரு சத்தம் எழுப்பினால், அந்த நிமிடத்தில் தோன்றுவதை மற்றவர் எழுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயரை வாடகைக்குக் கொண்டுபோன வீரமணி, ஒருநாள் விளையாட்டாக மைக்கைக் குழாய் ஸ்பீக்கரின் வாயருகே கொண்டுபோய், ஊளை பிறக்கும் இடத்தில் கையை நிறுத்தினார். வயலின் அதைத் தொட்டுக்கொண்டு மேலே ஏறியது. கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றிலிருந்து அவரும் வித்வான். பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். அதில் ஐந்து பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்.

மூன்றாவது கச்சேரியன்று நல்ல குழாய்கள் எல்லாம் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டன. வீட்டுப் பரணில் கிடந்த பழையதை எடுத்து வந்தார். எடுத்திருக்கக் கூடாது. அது அவர் அண்ணன் அங்கமுத்து கடைசியாகக் கட்டிய குழாய்.

ஏழு வருடத்துக்கு முன்னால், தா.பழூர் பக்கம் ஒரு திருவிழா. அங்கமுத்து கம்பத்தின் மேலே. வீரமணி கீழே மெயின் சுவிட்சில். திருவிழா இரைச்சலில் கத்தினால் காதில் விழாது என்பதால் அண்ணன் தம்பிக்குள் ஒரு வழக்கம் இருந்தது. குழாயையும் சீரியல் பல்பையும் கட்டி, வயர் மூட்டுக்கு டேப் சுற்றி முடித்ததும், அங்கமுத்து கட்டிங் பிளேயரால் குழாயில் மூன்று தட்டு தட்டுவார். முதல் இரண்டும் ஒட்டி வரும். ஒரு மூச்சு விட்டு மூன்றாவது. அதன் பிறகுதான் வீரமணி லைன் போட வேண்டும், அதாவது கரண்ட் விட வேண்டும். அன்று லைன் வந்தபோது டேப் சுற்றாத மூட்டு அங்கமுத்துவின் கையில் இருந்தது.

மூன்று தட்டும் கேட்டதாக வீரமணி போலீசில் சொன்னார். அண்ணி வெற்றிச்செல்வியிடமும் அதையேதான் சொன்னார். அப்படியானால் தப்பு செத்தவருடையது. குடித்துவிட்டு ஏறியிருப்பான் என்று ஊர் முடிவு கட்டியது. ஒரு சொட்டு தொடாத மனுசன் குடிகாரனாகிப் போனார். அண்ணி மகளை அழைத்துக்கொண்டு வரதராஜன்பேட்டைக்குக் குடிபோனாள்.

அந்தப் பழைய குழாயில் ஊளை எழும்பி வயலினோடு ஒன்றாகக் கலந்த நேரத்தில், உள்ளிருந்து டக் டக் என்று இரண்டு தட்டு கேட்டது. வீரமணி மைக்கைச் சட்டென்று விலக்கினார். வெயிலில் தகரம் சுருங்கி விரிகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அடுத்த மாதம் வயரை மாற்றினார், அதற்கடுத்த மாதம் உள்ளே இருந்து சத்தம் எழுப்பும் யூனிட்டையே மாற்றினார். தட்டு மட்டும் மாறவில்லை. ஒட்டி வரும் இரண்டு, ஒரு மூச்சு இடைவெளி, பிறகு ஒன்றுமில்லை. இது வீரமணியின் கைவேலை என்று வினோதினி நினைத்தாள். அந்த இடைவெளியில் வயலின் வில்லைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்கப் பழகினாள். வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்கூட மூச்சை அடக்கிக்கொண்டார்கள். வேறு குழாய் கொண்டுவர வீரமணிக்கு மனம் வரவில்லை. மூன்றாவது ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், தான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும் என அவர் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

கச்சேரி வீடியோ ஒன்று வாட்ஸப்பில் சுற்றி வரதராஜன்பேட்டை வரைக்கும் போனது. அடுத்த மாதக் கச்சேரிக்கு வெற்றிச்செல்வி பஸ் ஏறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்ததும் வீரமணி மைக்கை வழக்கமாக நிறுத்தும் இடத்தைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டார். ஊளை என்றைக்கும் இல்லாத விதமாகத் தேம்பியது. டக் டக். வினோதினி வில்லைத் தூக்கிப் பிடித்தாள்.

வெற்றிச்செல்வி எழுந்தாள். வீட்டுக் கதவையும் அங்கமுத்து அப்படித்தான் மூன்று தட்டு தட்டுவார் என்பது அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

"மூணாவது எங்க தம்பி?"

வீரமணி ஆம்ப்ளிஃபயரின் மெயினை நிறுத்தினார். சிவப்பு விளக்கு அணைந்தது.

"வரலைங்க அண்ணி. அன்னிக்கும் வரல. எப்பவும் வர்றதுதானேன்னு நான்தான் அவசரப்பட்டுப் போட்டுட்டேன்."

அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கரண்ட் இல்லாத அந்தக் குழாயிலிருந்து, பதினைந்து நாற்காலிக்கும் கேட்கும்படி, ஒரே ஒரு தட்டு வந்தது.

வினோதினியின் கையிலிருந்து வில் நழுவியது. பின்வரிசையில் யாரோ எழுந்து வெளியே ஓடினார். வெற்றிச்செல்வி மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொழுந்தனாரின் பக்கம் வந்து நின்றாள்.

"ஏழு வருசமா கம்பத்து மேலயே நிக்கிறாரு. இப்பத்தான் வேல முடிஞ்சிருக்கு. லைனப் போடுங்க தம்பி."

வீரமணியின் விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது. அது அசையவில்லை.