காதர் பாய்க்குத் தெரியாத கருவி

சோதனைச் சாவடியில் உண்மை பேசினால் என்ன ஆகும்? காதர் பாய் பேசினார். அடையாளக் கார்டு போயிற்று.

பாயை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெங்கேராவில் கடிகாரம் பழுது பார்க்கிறவர். ஞாயிறுதோறும் தோல்பையோடு பஸ் ஏறி, தோட்டத்து ஆபீஸ் கடிகாரங்களுக்கும் வைத்தியம் பார்த்து வருவார்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு தோட்டத்தில் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி அவரிடம் ஒரு சாமானை நீட்டியிருக்கிறார். சீமைக்குத் திரும்பிவிட்ட பழைய துரை விட்டுப்போன பெட்டியில் கிடந்ததாம். உள்ளங்கை அகலம், பித்தளை. உனக்கு ஆகுமா பார் என்றாராம். பாயும் சரியாகப் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டார்.

திரும்புகிற வழியில், லூபோக் சீனா சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது அரிசி கடத்துகிறார்களா என்ற வழக்கமான சோதனைதான். ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நம் தமிழர். சாமானைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று கேட்டார்.

"தெரியலைங்க" என்றார் பாய்.

கடிகாரக்காரர் பையில், கடிகாரக்காரருக்கே தெரியாத சாமான்... காட்டில் இருப்பவர்கள் வெடிகுண்டுக்குக் கடிகாரம் தேடுகிற காலத்தில்! ஏதோ ஒரு ஸ்குரூ டிரைவர் என்று சொல்லியிருந்தால் பஸ் கிளம்பியிருக்கும். சாமான் ஸ்டேஷனுக்குப் போனது. கார்டும் கூடப் போனது. பாய் கையில் ஒரு துண்டுச் சீட்டு — வெள்ளிக்கிழமை வரைதான் செல்லும். அதற்குள் அது என்னவென்று விளக்கினால் கார்டு கிடைக்கும். இல்லாவிட்டால் உள்ளே வைத்து விசாரணை என்றார் இன்ஸ்பெக்டர்.

எதையாவது சொல்லி வைத்திருக்கலாமே என்று பாயிடம் கேட்டேன்.

"தெரியாததத் தெரியும்னு எப்படிண்ணே சொல்றது?"

பத்திரிகையில் வேலை செய்யும் எனக்கு அந்தக் கஷ்டம் இருந்ததில்லை.

செய்தி சேகரிக்கப் போய்வருகிறவன் என்பதால் ஸ்டேஷனில் சாமானைப் பார்க்க விட்டார்கள். தொடக்கூடாது. நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டேன். கீல் போட்டுச் சேர்த்த இரண்டு பித்தளைச் சட்டங்கள். திருகைச் சுற்றினால் நெருங்கும், விலகும். ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு எஃகுக் கம்பிகள், எதிரும் புதிருமாக. எட்டு முனைகள். எட்டும் கூர் — அப்படித்தான் வரைந்தேன்.

படத்தோடு நாலு பேரைப் பார்த்தேன். நகை செய்கிற ஆசாரி, தங்கக் கம்பி இழுப்பதற்கு என்றார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர், முறிந்த விரலை நிமிர்த்தி வைப்பதற்கு என்றார். தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டக்டரோ, ரப்பர் கன்றுக்கு ஒட்டுப் போட என்றார். மூவருக்கும் துளி சந்தேகமில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் மூன்று தடவையும் சந்தேகம் வரவில்லை.

நாலாவது ஆள் காதர் பாய். இவ்வளவு முள் இருந்தால் கடிகாரச் சாமானாக இருக்காது என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தன்னிடமிருந்த பழைய கேட்லாக் ஒன்றையும் என்னிடம் தந்தார். இங்கிலீஷ், நிறையப் படம். இரண்டு தடவை புரட்டினேன். என் படத்தைப் போல ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. என் கையில் மூன்று விடை. அதாவது, ஒன்றுமில்லை. விரல் நிமிர்த்துகிற கருவி என்றே சொல்லிவிடலாமா என்று பஸ்ஸில் கேட்டேன். பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்டேஷனில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: சாமானை ஒரு நிமிஷம் கையில் தர வேண்டும். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். பாய் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தார். நிமிர நெடுநேரம் ஆயிற்று.

"அண்ணே, உள்பக்கம் முள்ளு இல்லலா. குழி. ஊசி முனை அளவு குழி. நீங்க எல்லாத்தையும் முள்ளா வரஞ்சிட்டீங்க."

கூர்ந்து பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

பாய் பையிலிருந்து இரண்டு பொடிச் சக்கரங்களை எடுத்தார். ஒவ்வொன்றின் அச்சும் எதிரெதிர்க் குழிகளுக்கு நடுவே கச்சிதமாக நின்றது. திருகைச் சுற்றினார். சக்கரங்கள் நெருங்கி, பல்லோடு பல் சேர்ந்தன. நகத்தால் ஒன்றைத் தட்டினார். மற்றது சத்தமில்லாமல் சுழன்றது. பல் சரியாகச் சேரும் தூரம் அதுதான். வெளிப்பக்கத்துக் கூர்முனைகளால் அந்தத் தூரத்தைத் தகட்டில் குறித்துத் துளை போடுவார்கள். கடிகாரத்தை ஒவ்வொன்றாகக் கையால் செய்த நாளின் கருவி. ஃபேக்டரியில் துளை போட்டு வருவதையே பழுது பார்த்த பாய் அதை எங்கே பார்த்திருப்பார்?

இன்ஸ்பெக்டர் தானும் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். பிறகு இன்னொன்று. மூன்றாவது தட்டு விசாரணைக்குத் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

ரிப்போர்ட்டில் எழுத ஒரு பெயர் வேண்டும் என்றார். என்னிடமிருந்த கேட்லாக்கைப் பாய் வாங்கி, சக்கரங்கள் படம் போட்ட பக்கத்துக்குப் புரட்டினார். நான் இரண்டு தடவை தாண்டிப் போன பக்கம். டெப்திங் டூல். படத்தில் குழிகள் பளிச்சென்று தெரிந்தன.

கார்டு பாயின் சட்டைப் பைக்குள் போயிற்று. பையை அவர் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

போன ஞாயிறு, பெரிய கிராணிக்குக் காட்ட வேண்டுமென்று அதே சாமானோடு கிளம்பினார். நானும் கூடப் போனேன். அதே சாவடி, அதே கான்ஸ்டபிள்.

"இப்பவாச்சும் தெரியுமா பாய், இது என்னன்னு?"

பாய் பஸ் படியில் உட்கார்ந்தார். பூதக்கண்ணாடி வந்தது. சக்கரங்கள் வந்தன. கேட்லாக் வந்தது. குழி வேறு, முள் வேறு என்று தொடங்கினார். டிரைவர் இரண்டு தடவை ஹார்ன் அடித்தார். வெயிலில் நின்ற சனம் என்னை முறைத்தது.

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பாய், அடுத்த வாரம் கேட்டா தெரியாதுன்னே சொல்லிடுங்கலா."