ஜெயசெல்வியின் நார்வே படை

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் யார் கை கொடுத்தாலும் ஜெயசெல்வியின் பார்வை முதலில் அவர்கள் பல்லில்தான் போய் நிற்கும். நாசரேத்தில் பிறந்து, சென்னையில் செயற்கைப் பல் செய்யப் படித்து, கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தவர். ரூட் ஒன் சாலைப் பக்கம் ஒரு சின்ன லேபில் அன்று முதல் பல்லுக்கு மேல் மாட்டும் க்ரௌன் செய்கிறார். இப்போது எல்லாவற்றுக்கும் மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் முன்பல் என்றால் டாக்டர்கள் ஜெயசெல்வியின் கையைத்தான் கேட்கிறார்கள். மெழுகில் அவர் செதுக்கும் பல், பக்கத்துப் பல்லின் சின்னக் கோணலைக்கூட விட்டுவைக்காது.

அவர் கணவர் சுந்தர்சிங்குக்கு வாரம் முழுக்க வேலை, சனிக்கிழமை மதியம் செஸ். எதிரே உட்காருபவர் எப்போதும் வெங்கடாசலம். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ஒரே ரயிலுக்கு நின்று பழகியவர்கள். கிளாக்கோமா சுந்தர்சிங்கின் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்து, போன வருஷம் நடுவையும் எடுத்துக்கொண்டது. வேலையை விட்டார், காரை விட்டார். கடைசியில் செஸ்ஸையும் விட்டபோதுதான் ஜெயசெல்வி பயந்தார். சனிக்கிழமை வந்தால் மனுஷன் மாடியிலிருந்து இறங்குவதே இல்லை.

கண் க்ளினிக்கில் ஒரு செஸ் செட் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு காய்க்கும் அடியில் ஒரு குச்சி, ஒவ்வொரு கட்டத்திலும் அதைச் செருக ஓர் ஓட்டை. சுந்தர்சிங் அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

"இது கண்ணு தெரியாதவனுக்குச் செஞ்சது, செல்வி. இதை வச்சுட்டு வெங்கடாசலம் முன்னால உக்கார மாட்டேன்."

அந்த நேரத்தில்தான் மகள் ஆஷ்லி எடின்பரோ மியூசியத்திலிருந்து போட்டோக்கள் அனுப்பினாள். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவு மணலில் இருநூறு வருஷங்களுக்கு முன் கிடைத்த செஸ் காய்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில், அநேகமாக நார்வேயின் ட்ரொண்ட்ஹெய்ம் நகரில் செதுக்கப்பட்டவை என்று ஆஷ்லி எழுதியிருந்தாள். ராஜா மடியில் வாளைக் கிடத்தி உட்கார்ந்திருக்கிறார். ராணி கன்னத்தில் கை வைத்து ஏதோ கவலையில் இருக்கிறாள். பிஷப் கையில் அசல் பிஷப்பின் கோல். யானை நிற்க வேண்டிய மூலையில் வாளும் கேடயமுமாக ஒரு வீரன். சிலர் ஆவேசத்தில் தங்கள் கேடயத்தையே கடித்துக்கொண்டிருக்கிறார்கள். சிப்பாய்களுக்கு மட்டும் முகமில்லை, கல்லறைக் கல் மாதிரி வெறும் பலகைகள்.

"எதுல செஞ்சிருக்காங்க?" என்று போனில் கேட்டார் ஜெயசெல்வி.

"வால்ரஸ் டஸ்க், அம்மா. பேஸிக்கலி இட்ஸ் எ டூத்."

ஜெயசெல்வி போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கடல் விலங்கின் கோரைப்பல்லில் ஒரு ராஜாங்கம். வடக்கே பனிக்காலத்தில் பகலே அரை வெளிச்சம்தானே, விளக்கு மங்கினாலும் ஆட்டம் நடந்திருக்கும், விரலுக்கே ஆள் தெரிந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. இது யாருக்காகவும் தனியாகச் செய்த செட் இல்லை. ஆனால் கை படித்துக்கொள்ளும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, லேப் ஓனரிடம் சொல்லிவிட்டு, வேலை முடிந்தபின் மெழுகில் செதுக்கினார். பல் செட்டுக்கு ஊற்றும் அதே அக்ரிலிக்கில் வார்த்தார். அசலில் ஒரு பக்கத்துக்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்களாம். சுந்தர்சிங்குக்குச் சாயம் எதற்கு? ஒரு படையைக் கண்ணாடி போலப் பாலிஷ் செய்தார், மறு படையை மணல் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கினார். வழவழப்பு வெள்ளை, சொரசொரப்பு கறுப்பு. கட்டங்களுக்கு நடுவே மெல்லிய மரச்சட்டம் ஒட்டினார், தடவும்போது காய் நகராமலிருக்க.

சுந்தர்சிங் ராணியைக் கையில் எடுத்து வெகுநேரம் வைத்திருந்தார். "இவளுக்கு என்ன பல்வலியா, கன்னத்துல கை வச்சிருக்கா?" என்றார். பிறகு, "அவனை வரச் சொல்லு."

வெங்கடாசலம் மிக்சர் பாக்கெட்டோடு வந்தார். ஜெயசெல்வி ஆட்டத்துக்கு முன் இருவருக்கும் சொன்னார்: பலகைதான் சிப்பாய், கேடயக்காரன் யானை. சுந்தர்சிங் தலையாட்டினார். முதல் அரைமணி நேரம் நன்றாகப் போனது. வெங்கடாசலம் தன் நகர்த்தல்களை உரக்கச் சொல்ல, இவர் விரல்கள் செஸ் பலகை மீது ஊர்ந்து சரிபார்த்தன. பழைய கிண்டலும் திரும்பியிருந்தது.

"யோசிக்கிறியா, தூங்கறியாய்யா?" என்றார் வெங்கடாசலம்.

"ஒமக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதுவே."

சமையலறையிலிருந்த ஜெயசெல்விக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் காய்கள் குறையக் குறைய சுந்தர்சிங்கின் மனசிலிருந்த பலகை கலைந்திருக்க வேண்டும். நடுவில் வாளும் கேடயமுமாக ஓர் ஆள் கைக்குத் தட்டுப்பட்டான். சிறு வயதிலிருந்து சிப்பாய் என்றே சொல்லிப் பழகியவருக்கு ஆயுதம் வைத்திருப்பவன் சிப்பாய்தான். அவனை ஒரு கட்டம் முன்னே தள்ளினார். அடுத்து இன்னொரு கட்டம். எதிரே வெங்கடாசலம் குழம்பிப்போனார். யானையை இப்படித் தவழவிடுகிறானே, ஏதோ பெரிய திட்டம் வைத்திருக்கிறான் என்று பயந்து தன் காய்களைப் பின்னுக்கு இழுத்தார். கேடயக்காரன் கடைசி வரிசையைத் தொட்டான். சிப்பாய் அங்கே போய்ச் சேர்ந்தால் ராணியாகிவிடும்.

"ராணியைக் குடும்," என்று சுந்தர்சிங் கை நீட்டினார்.

"யானைக்கு எதுக்குய்யா ராணி?" என்று சொல்லி வெங்கடாசலம் சிரித்துவிட்டார். சிரித்தபின்தான் அவருக்கு விஷயம் புரிந்தது.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு சுந்தர்சிங் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனார். "எனக்கு இனிமே இது சரிப்படாது, செல்வி. எடுத்து வை."

"அடுத்த சனிக்கிழமையும் வருவேன்," என்றார் வெங்கடாசலம், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "நீ எறங்கலேன்னா சிஸ்டர் கையால காபி குடிச்சிட்டுப் போறேன்."

ஆஷ்லி போனில் சுலபமாகச் சொன்னாள்: "ஜஸ்ட் மேக் இட் அன் எலிஃபண்ட், அம்மா." ஜெயசெல்வியும் மறுநாள் மெழுகை உருக்கி, தும்பிக்கை வைத்து ஒரு யானை செய்தார். அழகாகவே வந்தது. கணவரின் கையில் அதை வைப்பதை நினைத்துப் பார்த்தார். உன்னால் முடியாது, அதனால் மாற்றிவிட்டேன் என்று சொல்வது போல இருந்தது. யானையைத் திரும்ப உருக்கினார்.

கேடயக்காரனை எடுத்து, கண்ணை மூடித் தடவினார். உடனே தன் தப்பு தெரிந்தது. கேடயத்தைக் கடிக்கும் அந்தப் பற்களை அவர் பார்வைக்காகச் செதுக்கியிருந்தார், கோடு கோடாக. அதுவும் பாலிஷில் பாதி மழுங்கிவிட்டது. பல்லைக் கண்ணா பார்க்கிறது? வாய்க்குள் இருக்கும் பல்லை நாக்கு அல்லவா அறிகிறது! இத்தனை வருஷம் நாக்குக்காக வேலை செய்த கை இதை மறந்துபோனதே என்று தன்னையே கடிந்துகொண்டார். ட்ரில்லில் மெல்லிய முனையை மாட்டி, ஒவ்வொரு பல்லையும் தனித்தனியே பிரித்து, கேடயத்தின் மேல் விளிம்பில் முன்னால் துருத்திக்கொண்டு வரும்படி வெட்டினார். நான்கு வீரர்களுக்கும் அப்படியே. லேபில் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சரிபார்த்தார்.

சனிக்கிழமை சுந்தர்சிங் இறங்கவில்லை. ஜெயசெல்வி மாடிக்குப் போய், கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் உள்ளங்கையில் ஒன்றை வைத்தார்.

"இது யாரு அத்தான்?"

அவர் வேண்டாவெறுப்பாகப் புரட்டினார். கட்டைவிரல் மேலே போய் நின்றது. திரும்ப ஒருமுறை போனது.

"ஏ, இவன் கடிக்கான்!"

"யானைக்குத் தந்தம் வேண்டாமா? அதான் பல்லு வச்சிருக்கேன்."

அவர் விரலை அங்கிருந்து எடுக்கவில்லை. கீழே காலிங் பெல் அடித்தது. வெங்கடாசலத்தின் குரல் ஹாலில் கேட்டது. சுந்தர்சிங் கைப்பிடியைத் தேடி எழுந்தார்.

அன்று கேடயக்காரன் ஒருமுறைகூடத் தவழவில்லை. பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரே பாய்ச்சலில் போய் வெங்கடாசலத்தின் குதிரையை அடித்தான். ஆனால் அந்த அவசரத்தில் சுந்தர்சிங் தன் ராஜாவைத் திறந்துபோட்டுவிட்டார். மேட், ஆட்டம் தோற்றார். வெங்கடாசலம் இந்த முறை சிரிக்காமல், பயந்தவர் போல ஜெயசெல்வியைப் பார்த்தார்.

சுந்தர்சிங் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இரண்டு கையாலும் காய்களைத் துழாவிச் சேர்த்து, வழவழப்பை ஒரு பக்கமும் சொரசொரப்பை மறு பக்கமும் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னவே சும்மா உக்காந்திருக்கீரு? அடுக்கும்," என்றார். "இந்தத் தடவை வெள்ளை எனக்கு."