சீனி கிடைக்காத வருஷத்துச் சீனி வியாதி

எழுபத்து நாலாம் வருஷம் நமுனுகுல மலைத் தேயிலைத் தோட்டங்களில் சீனி கண்ணால் காணக் கிடைக்காத சாமான். கூப்பனுக்குக் கிடைத்த கொஞ்சத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிவிட்டு, பெரியவர்கள் சீனி போடாத வெறுந்தேத்தண்ணி குடித்தார்கள். அந்த வருஷம் பார்த்துத்தான், கொழுந்து பறிக்கும் பெரியாயிக்குச் சீனி வியாதி என்று தோட்டத்து மருந்துக்காரர் சொன்னார். சொன்னதோடு சரி. எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று ஒரு வார்த்தை? ஊஹும்! மாத்திரையைத் தாளில் சுற்றி நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார் மகராசன்.

தோட்டத்துச் சனம் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயமே விழுந்து விழுந்து சிரித்தது. பெரியாயிதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தாள்.

“சீனியக் கண்ணுல பாத்தே மாசக்கணக்காச்சு. எனக்கு எங்கிட்டிருந்துங்க சீனி வியாதி வரும்? அதெல்லாம் தொரைமாருக்கு வர்றது.”

மாத்திரை தீர்ந்தது, மறுபடி வாங்கப் போகவில்லை. மூன்று வேளையும் ரொட்டியும் மரவள்ளிக்கிழங்கும்தான். வேறென்ன இருந்தது தின்ன? நாளடைவில் பாதம் மரத்துப்போனது. அட்டை கடித்தாலும் தெரியவில்லை. அதையும் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள், பாவி மனுஷி.

மழையில் நனைந்து வந்தால் அடுப்படியில் காலை நீட்டிக் குளிர்காய்வது அங்கே எல்லாரும் செய்வதுதான். ஒரு சாயங்காலம் அப்படி நீட்டிக்கொண்டு மருமகள் லெட்சுமியோடு பேசிக்கொண்டிருந்தாள். கருகல் வாடை லெட்சுமிக்குத்தான் முதலில் அடித்தது.

“ஐயோ அத்தே, காலு வேகுது!”

பெரியாயி குனிந்து பார்த்தாள். வலிக்கவே இல்லை.

வேலைக்குப் போகாவிட்டால் பேர் வெட்டிக் கூலியைப் பிடித்துவிடுவார்களே என்று மஞ்சளைப் பூசி, துணி சுற்றிக்கொண்டு மலையேறினாள். புண் அழுகிவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. காலை எடுத்த பிறகுதான் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொன்னாள், ஸவாஹிரா என்ற தாதி.

“சீனி தின்னாத்தான் வரும்னு இல்ல பெரியம்மா. கெழங்கும் ரொட்டியும்கூட ஒடம்புக்குள்ள போனா சீனிதான். மத்தக் காலையாவது காப்பாத்திக்கங்க.”

பெரியாயி லயத்துக்குத் திரும்பிய அன்றே லெட்சுமி ஒரு கோப்பை தேத்தண்ணியை நீட்டினாள். ஒரு வாய் வைத்தாள், பாகு மாதிரி இனிப்பு. வாசலில் லயத்துச் சனமெல்லாம் நின்றது.

“எல்லா வீட்டுலயும் பிள்ளைங்க பங்குலருந்து எடுத்துக் குடுத்தாங்க அத்தே. காலு போன ஒடம்புக்குத் தெம்பு வேணும்ல? குடிங்க.”

“எனக்குச் சீனி வியாதிடி,” என்றாள் பெரியாயி.

அவளுடைய பழைய பகடிதான் என்று நினைத்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிள்ளைகள் வாயிலிருந்து எடுத்த சீனி, எப்படித் தள்ளுவாள்? மடமடவென்று குடித்துவிட்டு, மிச்சமிருந்த காலை இழுத்துச் சேலைக்குள் மூடிக்கொண்டாள்.