கைமாறிய பைக்கின் வழக்கு

கேகாலையில் இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் குலதிலக. அவருடைய லைசன்சில் ஒரு குற்றம்கூடப் பதிவானதில்லை. புதிதாகப் பிள்ளையை ஏற்றிவிட வரும் தாய்மாரிடம் முதலில் அதைத்தான் சொல்வார். பிறகுதான் தன் பெயரைச் சொல்வார்.

அப்படிப்பட்டவருக்குக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருடைய மோட்டார் சைக்கிள் சிவப்பு விளக்கில் நிற்காமல் போனதைக் கமரா பிடித்திருக்கிறதாம். குலதிலக சிரித்தார். அந்தப் பைக்கை விற்று ஆறு வருஷமாகிறது. ஊரில் எல்லோரும் செய்வதுபோல, பெயர் மாற்றும் படிவத்தில் தன் கையெழுத்தை மட்டும் போட்டு, வாங்குகிறவர் பெயரை எழுதாமலே கொடுத்திருந்தார். வாங்கியவன் அதே தாளோடு இன்னொருவனுக்கு விற்றான், அவன் வேறொருவனுக்கு. மோட்டார் வாகனக் கந்தோர்ப் பதிவில் பைக் இன்னும் குலதிலகவுடையதுதான். அதை அவர் யோசிக்கவில்லை. கடிதத்தை வேனின் வெயில் மறைப்புக்குள் செருகிவிட்டு மறந்துபோனார்.

மூன்று மாதம் கழித்து ஒரு பொலிஸ்காரர் அழைப்பாணையோடு வாசலில் நின்றார்.

கொழும்பு நீதிமன்றத்தில் வழக்கு. முதல் தவணையில் கோப்பு கிடைக்கவில்லை. இரண்டாம் தவணைக்குப் பொலிஸ் தரப்பு வரவில்லை. இரண்டு நாளும் வேனை மைத்துனன் லால் ஓட்டினான். இரண்டாம் நாள் அவன் முதலாம் வகுப்புச் செனுலியை ஏற்ற மறந்துவிட்டான். நாலு மணிவரை அந்தப் பிள்ளை தண்ணீர்ப் போத்தலைக் கட்டிப்பிடித்தபடி பள்ளிக்கூடக் கேற்றடியில் நின்றது.

இன்று மூன்றாம் தவணை. சட்டத்தரணிப் பெண் குனிந்து சொன்னாள்:

“ஐயா, குற்றம் செய்யல்ல, சுற்றவாளி எண்டு சொன்னா நான் வாதாடுறன். ஆனா பைக் கைமாறின ஆக்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வரவேணும்.”

“முதல் வாங்கினவன் இத்தாலிக்குப் போயிட்டான், மகள். மத்தவங்கட மூஞ்சியே எனக்குத் தெரியாது.”

“அப்ப இன்னும் நாலைஞ்சு தவணை போகும்.”

மர வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் பல்லில்லாமல் சிரித்தார். “நாலைஞ்சா? எனக்கு இது ஒன்பதாவது. இந்த வாங்கில என்ட பேரையே செதுக்கி வைக்கலாம்.”

பெயர் கூப்பிட்டார்கள். குலதிலக கூண்டில் ஏறினார்.

“குற்றவாளியா, சுற்றவாளியா?”

விடியப் புறப்பட்ட பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சுற்றவாளி என்றுதான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். இப்போது அந்தக் கேற்றும் தண்ணீர்ப் போத்தலும்தான் கண்ணுக்குள் நின்றன. இன்றும் வேன் லாலிடம்தான்.

“குற்றவாளி, கனம் ஐயா.”

நீதவான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தண்டத்தை எழுதிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தார்.

மறுநாள் காலை, செனுலியின் தாய் பிள்ளையோடு வீட்டு ஒழுங்கை முகப்பில் நின்றாள். குலதிலக வேனை நிறுத்தி இறங்கினார்.

“நோனா, ஒண்டு சொல்லவேணும். நேற்று கோர்ட்டில குற்றத்தை ஒத்துக்கொண்டிட்டன். சிவப்பு லைட் கேஸ். இனி என்ட லைசன்ஸ் சுத்தமில்ல. நீங்க வேற வேன் பாக்கிறதெண்டா நான் கோவிக்கமாட்டன்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க சிவப்பு லைட்டில போனீங்களா? மாட்டு வண்டியும் எங்கட வேனை முந்திப்போகுது எண்டு இவள் ஒவ்வொரு நாளும் அழுகிறாள்.” புத்தகப் பையை அவர் கையில் கொடுத்தாள். “பின்னேரமும் நீங்கதானே வருவீங்க?”

“நான்தான்.”

“அது போதும்.”

பைக்கின் கதையைச் சொல்ல வாயெடுத்தார். எங்கிருந்து தொடங்குவது என்று நினைத்ததுமே களைப்பாக இருந்தது. பிள்ளையை ஏற்றி, கதவை இழுத்துச் சாத்தினார்.